சபதமும் ஓலமும்

ஓவியம் உள்ளத்தை ஒழுங்கு செய்தற்கோ, அன்றி அதனை உலுக்குதற்கோ? பிரெஞ்சு தேசத்தில் இவ்வினா ஒரு காலத்தில் பெரும் பூசலாகவே மூண்டது. பழைய கிரேக்க, ரோமச் சிற்பங்களை வழிகாட்டியாகக் கொண்டோர் புதுச் செந்நெறியினர்; உணர்ச்சியை முதன்மையாகக் கொண்டோர் ரோமாண்டிக் நெறியினர். பாரிஸ் லூவர் காட்சிசாலையிலுள்ள இரு சித்திரங்களைக் கொண்டு இவ்விரு நெறிகளையும் நிறுத்துப் பார்ப்போம்.

முதலாவது, தாவீத் என்பார் 1784இல் தீட்டிய 'ஹொராத்தியர் சபதம்'. ரோமாபுரிக்காகப் போர்புரியச் செல்லும் சகோதரர் மூவர், தந்தை ஏந்திய வாள்களை நோக்கிக் கரம் நீட்டி நிற்கின்றனர். கோடுகள் தெளிவு, வர்ணம் அடக்கம், தூரிகை சென்ற தடமே தெரியாது. ஓரத்தில் பெண்டிர் துவண்டு சாய்ந்துள்ளனர். அவருள் ஒருத்தி பகைவனுக்கு நிச்சயிக்கப்பட்டவள். மற்றொருத்தி பகைவர் குடியிற் பிறந்தவள். எவர் வென்றாலும் அவர்க்கு இழவே. ஆயினும் நடுவிடம் வாளுக்குத்தான்.

இரண்டாவது, ஜெரிக்கோ 1819இல் காட்சிக்கு வைத்த 'மெதூசாவின் தெப்பம்'. 1816இல் அக்கப்பல் ஆப்பிரிக்கக் கரையருகே தரைதட்டிற்று. அதன் தலைவன், இருபது ஆண்டுகட்கு மேல் கடலோடாதிருந்தும் அரசச் சலுகையால் பதவி பெற்றவன். அவனும் மேனிலையாளரும் படகேறினர். ஏறக்குறைய 150 பேர் தெப்பத்தில் விடப்பட்டனர். இழுத்துச் சென்ற கயிறும் விடுபட்டது. 13 நாட்களுக்குப்பின் மீட்கப்பட்டோர் 15 பேரே!

இச்சித்திரத்திலும் ஒரு தந்தை உண்டு. தாவீதின் தந்தை மைந்தரை வாளுக்கு ஈகின்றான்; ஜெரிக்கோவின் தந்தையோ மாண்ட மைந்தனை மடியிற் கிடத்தி வாளாவிருக்கின்றான். பிணங்களிலிருந்து மேலெழும் மனிதக் கூட்டத்தின் உச்சியில் ஒரு கறுப்பர் நின்று, தொலைவில் புள்ளியாய்த் தோன்றும் கப்பலை நோக்கித் துணி வீசுகின்றார். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1848இல்தான் ஒழிந்தது என்பதை நினைவிற் கொண்டால், இவ்விடத்தின் துணிவு விளங்கும்.

ஜெரிக்கோவிடம் குறையும் உண்டு. பட்டினியால் வாடியோர் உடல்கள் மல்லர் உடல்களாய்த் திரண்டிருக்கின்றன. பழஞ்சிலையின் அழகை அவராலும் விட முடியவில்லை. செந்நெறியாசிரியரிடம் பயின்ற கையல்லவா! ஆதலின், இவ்விரு நெறியும் ஒட்டாப் பகையென்பது பொருந்தாது. உருவைக் கட்டும் திறம் செந்நெறி தந்த கொடை.

ஆனால் திறம் எவருக்கும் ஊழியம் செய்யும். 'சபதம்' மன்னன் அரசாங்கம் கேட்டு வரையப்பட்டது. அதே கை பின்னர்ப் புரட்சித் தியாகி மராவையும், அதன்பின் நெப்போலியன் முடிசூட்டையும் தீட்டிற்று. எனவே கோட்டழகு கண்டு மயங்குதல் போதாது. எச்சித்திரத்தின் முன் நின்றாலும், நடுவில் நிற்போர் யார், மூலையில் அழுவோர் யார் என்று கேட்கப் பழகுவோமாக. மூலையிற் கிடந்த துயரை நடுவுக்குக் கொணர்ந்தமையாலேயே, குறையுடைய ஜெரிக்கோவைக் குறையற்ற தாவீதினும் உயர்ந்தவராக நாம் மதிக்கின்றோம்.