ஐந்தாவது தந்தி

எட்டுத் தந்தி கிடார் கட்ட ஆசைப்பட்டு உடுமலைக்கு என்னைத் தேடி வரும் தம்பிகளிடம் நான் எடுத்தவுடன் மரத்தைப் பற்றியோ பிக்கப்பைப் பற்றியோ பேசுவதில்லை. "அந்த எட்டாவது தந்தியில என்ன வாசிக்கப்போற?" என்றுதான் கேட்பேன். மெஷுகா இசைக்குழுவின் தாளக்கட்டில் ஊறியவன் பதில் வைத்திருப்பான். கிடார்காரர் டோசின் அபாசியைப் பார்த்துக் கட்டைவிரலால் அறைந்து பழகியவனும் வைத்திருப்பான். மற்றவர்களுக்கு அது வெறும் அகலம்தான். நெக் தடித்து, மணிக்கட்டு வலித்து, கொஞ்ச நாளில் கிடார் விற்பனைக்கு வந்துவிடும். 1990இல் கிடார்காரர் ஸ்டீவ் வாய்க்காக ஐபனெஸ் கம்பெனி ஏழு தந்தியை இறக்கியது, 2007இல் எட்டுத் தந்தியைக் கடைக்கே கொண்டுவந்தது. அதன் பிறகு எண்ணிக்கையே ஒரு பெருமை ஆகிப்போனது. கூட்டிய தந்திக்கு முழுநேர வேலை கொடுத்தவர் யார் என்று என்னைக் கேட்டால் ஒரே பெயர்தான் சொல்வேன்: மாண்டலின் ஸ்ரீநிவாஸ்.

சொன்னதும் வந்தவன் முகம் சுருங்கும். மாண்டலினைக் கிடாரோடு சேர்க்கலாமா என்பான். குடைவில்லாத கட்டை உடல், காந்தப் பிக்கப், ஃப்ரெட், ஒற்றைத் தந்திகள், ஆம்ப்ளிஃபயர். இதில் கிடாருக்கு ஆகாதது எது? கழுத்து குட்டை, அவ்வளவுதானே.

1969இல் பாலகொல்லுவில் பிறந்தவர், 1978இல் குடிவாடா தியாகராஜ உற்சவத்தில் மேடையேறியவர் என்ற கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது குரு ருத்ரராஜு சுப்பராஜு. பாடகர் செம்பையின் சீடரான அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதை வாசிக்க வேண்டும். வாத்தியம் தெரிந்த குருவாக இருந்திருந்தால் கைக்கு எது வசதியோ அதில் ஆரம்பித்திருப்பார். இவர் தொண்டைக்கு எது வந்ததோ அதைக் கேட்டார். கேட்டது வாத்தியத்தில் இல்லை என்றால் வாத்தியம்தான் மாற வேண்டும்.

முதலில் மாண்டலினின் ஜோடித் தந்திகள் போயின. ஜோடியை இழுத்துக் கமகம் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டும் ஒரே அளவு ஏறாது. ஒன்றோடொன்று மோதி ஒலி அலையடிக்கும். சாதாரண மாண்டலினில் ஒலி சட்டென்று செத்தும் போகும். மேற்கில் ட்ரெமலோ போட்டு நிரப்புவது அதனால்தான். வீணையில் ஒரு மீட்டில் நாலைந்து ஸ்வரம் எடுக்கிறோமே, அப்படி எடுக்க வேண்டுமானால் மீட்டிய ஒலி நிற்க வேண்டும். கட்டை உடலும் பிக்கப்பும் அதைக் கொடுத்தன. ஸ்ரீநிவாஸ் சத்தத்துக்காக மின்சாரத்துக்குப் போனார் என்று இன்றும் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பிறகு வந்தது ஐந்தாவது தந்தி. வழக்கமான மாண்டலினில் அடித் தந்தி ஜி, 196 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே தரை. தோடியை எடுத்துக்கொண்டு மந்திர ஸ்தாயியில் நின்று நிதானிக்க இடமில்லாமல் என்ன ஆலாபனை செய்வது? எல்லோரும் கைதட்டும் அந்த மேல்ஸ்தாயி வேகத்தை நான் பல நேரம் தாண்டிப் போய்விடுவேன். எனக்கு வேண்டியது அவர் கீழே இறங்கும் இடம். குட்டை வாத்தியத்துக்கே உரிய கணீர் அங்கே அடங்கி, ஒலியில் ஒரு கரகரப்பு ஏறி, வீணைப் பக்கம் சாயும். மைக்கேல் புரூக்கின் கிடார் மிதந்துகொண்டே இருக்கும் 'ட்ரீம்' ஆல்பத்தைக்கூட (1995) நான் போடுவது இதற்காகத்தான். உடன் கேட்பவர்கள் எப்போது வேகம் வரும் என்று காத்திருப்பார்கள்.

இந்த ஐந்தாவது தந்தி நம் ஊரில் மட்டும் முளைத்ததல்ல. 1952இல் பால் பிக்ஸ்பி அமெரிக்காவில் மாண்டலின்காரர் டைனி மூருக்கு ஐந்து ஒற்றைத் தந்தி மின் மாண்டலின் செய்து கொடுத்தார். பிரேசிலின் பாஹியாவில் 1940களில் டோடோவும் ஓஸ்மாரும் கட்டையில் நான்கு தந்தி கட்டித் திருவிழாத் தெருவில் வாசித்தார்கள். ஓஸ்மாரின் மகன் அர்மாந்தினியோ பிற்பாடு அதில் ஐந்தாவதைச் சேர்த்தார். மூன்று ஊரிலும் கூட்டிய தந்தி கீழே போனது. இதில் பிக்ஸ்பி மேல் எனக்குத் தனிப் பிரியம், ஏனென்றால் அவர் தொழிலால் பேட்டர்ன் மேக்கர். வார்ப்படத்துக்கு மர அச்சு செய்கிறவர். கோயம்புத்தூரில் பவுண்டரி இருக்கும் தெருவெல்லாம் பேட்டர்ன் கடை உண்டு. உலோகம் ஆறும்போது எவ்வளவு சுருங்கும் என்று கணக்குப் போட்டு மரத்தை நூலளவுக்குச் செதுக்கும் கைகள் இங்கே தலைமுறையாக இருக்கின்றன. அந்தக் கைகள் பம்ப்செட் தாண்டி வாத்தியத்தின் பக்கம் ஏன் திரும்பவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம்.

எல். ஷங்கரின் ரசிகர்கள் இங்கே என்னோடு சண்டைக்கு வருவார்கள். பத்துத் தந்தி இரட்டை வயலின்; ஷங்கர் சொல்லச் சொல்ல கென் பார்க்கர் 1980 வாக்கில் செய்தது. பிற்பாடு பார்க்கர் ஃப்ளை கிடார் செய்தாரே, அதே ஆள். டபுள் பாஸிலிருந்து வயலின்வரை மொத்த வீச்சும் ஒருவர் தோளில் இருக்கும். பிரமாதமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் வீச்சு போதவில்லை என்றதும் இன்னொரு கழுத்தை ஒட்டுவது கட்டுகிறவனுக்குச் சுலபமான வழி. ஒரே கழுத்துக்குள் தீர்வு காண்பதில்தான் எனக்கு ருசி. வீணைக்காரர்களின் ஆட்சேபணை வேறு மாதிரி: ஃப்ரெட் சமபாகமாக அடிக்கப்பட்டது, அதில் ஏது சுத்த ஸ்வரம் என்பார்கள். அவர்கள் மெழுகில் மெட்டு வைத்து, காதால் கேட்டுக் கேட்டு மேளம் கட்டுகிறவர்கள். அந்தக் கர்வம் நியாயமானது. ஆனால் ஸ்ரீநிவாஸின் விரல் எந்த ஃப்ரெட்டிலும் குடியிருக்கவில்லையே. ஜாருவும் இழுப்புமாக அது எப்போதும் வழியில்தான் இருந்தது. குட்டைத் தந்தியைக் கொஞ்சம் தள்ளினாலே சுருதி நிறைய ஏறும். வீணையில் முழங்கை போடும் வேலையை இதில் விரல்நுனி போடும்.

இனிக் கட்டுவதற்கு வருவோம். எட்டுத் தந்தி கிடார் கட்டுவதைவிட ஐந்து தந்தி மாண்டலின் கட்டுவது கஷ்டம் என்று நான் சொன்னால் தம்பிகள் நம்புவதில்லை. கணக்கைப் பாருங்கள். எட்டுத் தந்திக்காரன் கீழ்த் தந்தி தொங்குகிறது என்றால் ஸ்கேலை 27, 28 அங்குலம் என்று நீட்டிவிடுவான். மாண்டலினில் நமக்குக் கிடைப்பது 14 அங்குலம். ஐந்தாவது தந்தியை ஸி-யில், அதாவது 130.8 ஹெர்ட்ஸில் வைக்க வேண்டுமானால் 0.042 அங்குலச் சுற்றுக்கம்பி தேவை. இழுவை ஐந்து கிலோ சொச்சம் வரும். இதே கம்பியை 25.5 அங்குலக் கிடாரில் ஆறாவது தந்தியாகக் கட்டினால் இழுவை ஆறே முக்கால் கிலோ. ஆக, கிடாரின் ஆகத் தடித்த தந்தியைப் பாதிக்குக் கொஞ்சம் அதிகமான நீளத்தில், இன்னும் தளர்வாகக் கட்டுகிறோம். குட்டையான தடித்த கம்பி தந்தியின் குணத்தை விட்டு இரும்புக் கோலின் குணத்துக்குப் போக ஆரம்பிக்கும். அதன் மேல் ஒலிகள் கணக்கை மீறி ஏறும். சுருதி சேர்ந்த மாதிரியும் இருக்கும், சேராத மாதிரியும் இருக்கும். சரி, நீட்டலாம் என்றால் மேலே ஈ-யில் நிற்கும் முதல் தந்தி 16 அங்குலத்தில் அறுந்து விழும் எல்லைக்குப் போய்விடும். மேலே அறும், கீழே தொங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் விரலளவு இடத்தில்தான் வாத்தியமே இருக்கிறது.

ரால்ஃப் நோவாக் 1989இல் காப்புரிமை வாங்கிய சாய்வு ஃப்ரெட் இதற்கு மருந்து என்பார்கள். ஒவ்வொரு தந்திக்கும் ஒவ்வொரு நீளம். எட்டுத் தந்திக்கு நானே அதைத்தான் சொல்வேன். மாண்டலினில் வைக்க மனம் ஒப்பவில்லை. ஜாருவில் ஓடும் விரலுக்கு ஒரு தந்தியிலிருந்து அடுத்ததற்கு மாறும்போது இடம் மாறிக் கிடப்பது பிடிக்காது என்பது என் கட்சி. வாசிக்கிறவர்கள் பழகிக்கொள்வார்கள் என்று வாதம் செய்பவர்கள் இருக்கிறார்கள். பழகட்டும்.

ஃப்ரெட் இடைவெளியும் இரக்கமற்றது. 14 அங்குலத்தில் முதல் ஃப்ரெட் 20 மில்லிமீட்டர் தள்ளி வரும், கிடாரில் அதுவே 36. இருபத்து மூன்றுக்கும் இருபத்து நாலுக்கும் நடுவே 5.3 மில்லிமீட்டர்தான். அதில் ஃப்ரெட் கம்பியின் அகலம் போக மிச்சத்தில் ஒரு விரல்நுனி நிற்க வேண்டும். கால் மில்லிமீட்டர் பிசகினாலும் காது காட்டிக்கொடுத்துவிடும். இதை மெஷினில் வெட்டலாம், கோவையில் சி.என்.சி.க்கா பஞ்சம்? வெட்டிய பிறகு ஃப்ரெட்டை அடித்து, மார்க்கர் பேனாவால் தலையில் மை பூசி, நேர் அரத்தால் ராவி, எங்கே மை மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, திரும்பவும் ராவி, பிறகு ஒவ்வொரு தலையையும் உருட்டி எடுப்பது இருக்கிறதே, அதற்குத்தான் இப்போது ஆள் இல்லை. பெரிய விலை கொடுத்து வாங்கிய கிடாரைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். மேலே மரம் கண்ணாடியாக மின்னுகிறது. பக்கவாட்டில் கையை ஓட்டினால் ஃப்ரெட் முனை ரம்பமாக அறுக்கிறது.

மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார்கள், எனக்கு அதில் அவ்வளவு பக்தி இல்லை. வீணைக்கு ஆன பலா இதற்கும் ஆகும். இடித்த வீட்டின் தேக்கு உத்தரம் கிடைத்தால் காய்ந்து காய்ந்து இனிச் சுருங்க ஒன்றுமில்லாத மரம் கையில் இருக்கிறது. ஒட்டுவதற்கு முன்னால் எண்ணெய்ப் பசை போகத் தின்னரால் துடைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பசை பிடிக்காது. விரற்பலகைக்கு மட்டும் ஈட்டி. அதில் எனக்கு ஒரு கோபம் உண்டு. பிரேசில் ஈட்டி கிடைக்காமல் போய் 1969இல் மார்ட்டின் கிடார் கம்பெனி இந்திய ஈட்டிக்கு மாறியதிலிருந்து உலகத்துக் கிடார்காரர்களின் விரலுக்கு அடியில் மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது. 2017இல் சர்வதேசக் கட்டுப்பாடு வந்து, 2019இல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் தளர்த்தினார்கள். ஆனைமலை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊரில், கடையில் தொங்கும் கிடாரில் இருப்பது எங்கிருந்தோ வந்த பெயர் தெரியாத மரத்துக்குச் சாயம் அடித்தது.

பிக்கப்தான் எனக்கு உயிர். மாண்டலின் அளவில் ஐந்து தந்திக்குக் கம்பி சுற்றும் சட்டம் கடையில் சுலபமாகக் கிடைக்காது. ஆகவே செய்தே தீர வேண்டும். மோட்டார் ரீவைண்டிங் கடை இல்லாத ஊர் கொங்கு நாட்டில் உண்டா? எனக்குத் தெரிந்த வைண்டிங்காரர் ஒருவர், கிணற்று மோட்டாரும் ஃபேனும் சுற்றியே வயதானவர், நான் கொண்டுபோன கம்பிச் சுருளைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இது கம்பியா முடியா?" என்றார். ஃபேனுக்குச் சுற்றும் கம்பி 0.19 மில்லிமீட்டர் பக்கம். பிக்கப்புக்கு வேண்டியது 0.063. அதை ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று சுற்ற வேண்டும். "மிசின்ல வெச்சா துண்டு துண்டாப் போயிரும் சாமி" என்று சொல்லிவிட்டு, சுருளைத் தரையில் நிறுத்தி, கம்பியை இரண்டு விரலுக்கு நடுவே விட்டு, கையாலேயே ஓட்டினார். இழுவையைக் காட்ட மீட்டர் கிடையாது, விரல் மட்டும். கை கொஞ்சம் முன்னும் பின்னும் போய்ச் சுற்று சிதறி விழும்போது அடுக்குகளுக்கு நடுவே கெபாசிட்டன்ஸ் குறையும், மேல் ஒலி திறக்கும். ஃபெண்டரில் 1956இல் சேர்ந்த அபிகெய்ல் இபாராவின் கையில் சுற்றிய பிக்கப்புக்கு இன்றைக்கு இருக்கும் கிராக்கி இந்தச் சிதறலுக்குத்தான். எங்கள் ஊர்க்காரருக்கு அந்த அம்மாள் பெயர் தெரியாது. அவர் சுற்றியதைக் கேட்டபோது எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை, அல்லது தெரியக்கூடாது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒற்றைச் சுருளாகவே விட்டால் நம் ஊரில் தப்பிக்க முடியாது. சீரியல் பல்பு, டிம்மர், எர்த் இல்லாத ஜெனரேட்டர். கோயில் திருவிழா மேடையில் ஐம்பது ஹெர்ட்ஸ் உறுமல் வாத்தியத்துக்கு முன்னால் கச்சேரியைத் தொடங்கிவிடும். ஆகவே மேல் மூன்று தந்திக்கு ஒரு சுருள், கீழ் இரண்டுக்கு இன்னொன்று, காந்தமும் சுற்றும் தலைகீழாக. 1957இல் லியோ ஃபெண்டர் பிரசிஷன் பாஸில் செய்த அதே தந்திரம். உறுமல் ஒன்றையொன்று தின்றுவிடும். ஐந்தாவது தந்திக்குக் கீழே உள்ள காந்தத்தை மட்டும் கொஞ்சம் இறக்கி வைப்பேன். தடித்த கம்பி காந்தத்தை நெருங்கினால் சத்தம் முந்தும், காந்தம் இழுத்துச் சுருதியும் குழம்பும். பிரிட்ஜில் அந்தத் தந்தியின் பித்தளைச் சேடிலையும் மற்றவற்றைவிடப் பின்னுக்குத் தள்ள வேண்டும். சேடிலை லேத் பட்டறையில் கடைந்து தந்துவிடுவார்கள், எதற்கு என்று கேட்காமல் இருந்தால்.

இத்தனையும் செய்து ஒரு வாத்தியம் மேடைக்குப் போகிறது. அங்கே மிக்ஸரில் இருப்பவர் அதைப் பார்க்கிறார். "சின்ன வாத்தியந்தானுங்க" என்று சொல்லிக்கொண்டே லோ-கட்டைத் திருகி 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறார். ஸி 130.8இல் இருக்கிறது. வாசிக்கிறவர் மந்திரத்தில் நிற்கிறார், முன்வரிசைக்குக் கம்பி உரசும் சத்தம் மட்டும் வருகிறது. பக்கத்தில் மிருதங்கத்தின் தொப்பிக்கு மட்டும் கூரை அதிரும்படி பாஸ் கூட்டிவைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் மைக் செட் போட வந்தவர்கள் சுருதி சேர்க்கும்போதே கூட உட்கார்ந்து கேட்பார்கள். இப்போது அவர்கள் வரும்போதே எல்லாம் திருகி முடித்த நிலையில்தான் பெட்டி வருகிறது. ஆகவே உங்கள் பக்கத்தில் எங்கேயாவது மாண்டலின் கச்சேரி நடந்தால், தொடங்குவதற்கு முன்னால் எழுந்து போய் அந்த லோ-கட்டை எடுத்துவிடச் சொல்லுங்கள். கேட்டால் எடுத்துவிடுகிறார்கள், நான் பார்த்தவரையில் யாரும் கேட்பதில்லை.