முறையும் கொலையும்: ‘டெக்ஸ்டர்’ தொடரை ஒரகடத்திலிருந்து வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

தொடர்கொலைஞன் ஒருவனை நாயகனாகக் கொண்டு 96 பகுதிகள் நீண்ட அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘டெக்ஸ்டர்’ (2006–2013). பார்வையாளரை அவனது கொலைகளுக்கு உடன்படச் செய்வது கதையின் கொடுமையன்று, அதன் நீளமே என்பது இக்கட்டுரையின் கருத்து. அவ்வுடன்பாட்டைத் தமிழின் ‘முறை’ என்னும் சொல்லைக் கொண்டும், சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை ஒப்புநோக்கியும், 1994ஆம் ஆண்டின் ஆட்டோ சங்கர் தன்வரலாற்று வழக்கை முன்வைத்தும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: டெக்ஸ்டர், தொடர்கொலைஞன், முறை, வழக்குரை காதை, ஆட்டோ சங்கர், பார்வையாளர்

முன்னுரை

ஜெஃப் லிண்ட்சே 2004இல் வெளியிட்ட புதினத்தை அடிப்படையாகக் கொண்டு ‘டெக்ஸ்டர்’ தொடர் 2006 அக்டோபரில் ஷோடைம் அலைவரிசையில் தொடங்கியது. பருவத்திற்குப் பன்னிரண்டு பகுதிகளாக எட்டுப் பருவங்கள் ஒளிபரப்பாகி 2013 செப்டம்பரில் நிறைவுற்றது. மைக்கேல் சி. ஹால் நடித்த டெக்ஸ்டர் மார்கன் மயாமி நகரக் காவல்துறையின் குருதித்தடய ஆய்வாளன். பகலில் அரசுப் பணி. இரவில், சட்டத்திடமிருந்து தப்பிய கொலையாளிகளைத் தேடிக் கொல்லுதல்.

இதே ஆண்டுகளில்தான் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வட்டாரம் இன்றைய உருவை எய்தியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஏறத்தாழ இத்தொடரின் ஆயுளே அவ்வாலையின் ஆயுளும். இவ்விரண்டிற்கும் காரணத் தொடர்பு ஏதுமில்லை. எனினும் தொடர் முடிந்து பல்லாண்டுகளான பின்பும் அதனைக் கைப்பேசித் திரையில் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டிருப்போர் இவ்வட்டாரத்தில் உள்ளனர் என்பதால் இப்பொருத்தம் மனத்தில் நிற்கிறது. ஒரு பகுதியின் முற்பாதி நிறுவனப் பேருந்தில் செல்லும்போது, பிற்பாதி இரவுப்பணி முடிந்து அறைக்குத் திரும்பிய பிறகு என்பதே இங்கு வழக்கமான பார்வைமுறை. பருவம் முழுவதையும் பார்க்கப் பொழுதில்லாதோர் தமிழில் கதைசொல்லும் காணொளிகளை நாடுகின்றனர். இக்கட்டுரையாளர் ஒரகடத்தில் வாடகை அறையொன்றில் தங்கிப் பல்கலைக்கழகம் சென்றுவருபவர். உதிரிபாக ஆலையொன்றில் சுழற்சிமுறைப் பணி செய்யும் அறைத்தோழர் இத்தொடரைப் பற்றிச் சொன்ன ஒரு சொற்றொடரே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்: “எல்லாம் முறையாத்தான் செய்றான்ண்ணா.”

முறை: ஒரு சொல்லின் பரப்பு

‘முறை’ என்பதற்கு ஒழுங்கு, செய்யும் வகை, அடுத்தடுத்து வரும் தடவை, உறவு, நீதி எனப் பல பொருள்களை அகராதிகள் தருகின்றன. அரசன் நீதி வழங்குதலை ‘முறைசெய்தல்’ என்று திருக்குறள் வழங்குகிறது. ஆலைத் தொழிலாளிக்கோ அச்சொல் பணிச்சுழற்சி. பணியிடத்தில் தொங்கும் தாளில் எழுதப்பட்ட செயல்வரிசை. ‘முறையாகச் செய்கிறான்’ என்ற கூற்றில் இவற்றுள் எப்பொருள் அமைந்தது? சொன்னவர் கருதியது செயல்வரிசையைத்தான். கையுறை அணிதல், அறை முழுதும் நெகிழித்தாள் போர்த்துதல், ஒரு துளிக் குருதியைக் கண்ணாடிச் சில்லில் எடுத்துவைத்தல், உடலைப் பைகளில் இட்டுக் கடலில் ஆழ்த்துதல் ஆகிய இவ்வரிசை பருவந்தோறும் பிறழாது நிகழ்கிறது. ஒரு நாளில் ஒரே செயலைப் பன்னூறு முறை பிழையின்றிச் செய்யவேண்டிய ஒருவர் இதில் முதலில் காண்பது கொலையை அன்று, வேலைத்திறனை. இது பார்வையாளரின் குறைபாடன்று. தொடரின் தொடக்கக் காட்சியே அவ்வாறு காணப் பழக்குகிறது. கொசுவை அடித்தல், முகம் மழித்தல், முட்டை பொரித்தல், காலணிக் கயிறு இறுக்குதல் என ஒருவன் பணிக்குக் கிளம்பும் காலைப்பொழுது, மிக அண்மைக் காட்சிகளாகக் கொலையின் சாயலில் காட்டப்படுகிறது. பகுதிதோறும் இதனைக் காணும் கண்ணுக்குச் சில வாரங்களில் கொலையும் காலைக்கடன்களுள் ஒன்றாகிவிடுகிறது.

இடர்ப்பாடு எழுவது அடுத்த படியில். செயல்வரிசை என்னும் பொருளிலிருந்து நீதி என்னும் பொருளுக்கு அச்சொல் ஓசையின்றி நழுவுகிறது. முறையாகச் செய்பவன் முறைசெய்பவன் ஆகிறான். கொலையிற் கொடியோரை ஒறுத்தலைப் பயிருக்குக் களையெடுத்தலோடு ஒப்பிடும் குறள், செங்கோன்மை அதிகாரத்தின் இறுதியில் நிற்கிறது. அங்கே ஒறுப்பவன் வேந்தன். செங்கோன்மை பற்றிய ஒன்பது குறள்களைக் கடந்த பின்னரே அவனுக்கு அவ்வுரிமை கூறப்படுகிறது. டெக்ஸ்டர் களையை மட்டும் எடுத்துக்கொண்டு அதிகாரத்தை விட்டுவிடுகிறான். அவனது ஒழுங்கை ‘அறம்’ என்று பெயர்ப்பது பொருந்தாது. தந்தை வகுத்த அவ்வொழுங்கின் முதல் விதி அகப்பட்டுவிடாதே என்பதுதான். அறத்திற்கு அத்தகைய விதி தேவையில்லை.

வளர்ப்புத் தந்தையர்

கொலைஞன் நாயகனாதல் தமிழுக்குப் புதிதன்று. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) திலீப், பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைப்பவன். அவனை அவ்வாறு ஆக்கியவர் பெண்வெறுப்புக்கொண்ட வளர்ப்புத் தந்தை. கொலைகள் படம்பிடிக்கப்பட்டு அவருக்குக் காட்டப்படுகின்றன. டெக்ஸ்டரை உருவாக்கியவரும் வளர்ப்புத் தந்தையே. சரக்குப் பெட்டகம் ஒன்றினுள் கொலையுண்ட தாயின் குருதியில் அமர்ந்திருந்த மூன்று வயதுக் குழந்தையைக் காவல் அலுவலர் ஹாரி மார்கன் எடுத்து வளர்க்கிறார். அவனது கொலைவிருப்பை அடக்கவியலாது எனக் கருதி, அதற்கு இலக்கும் ஒழுங்கும் கற்பிக்கிறார். ‘முறை’யின் உறவுப்பொருளும் இங்கே வந்து சேர்கிறது. இருபத்தெட்டு ஆண்டு இடைவெளியில் தோன்றிய இவ்விரு படைப்புகளுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: திலீபின் தந்தை பார்வையாளரின் வெறுப்புக்குரியவர், ஹாரி நன்றிக்குரியவர்.

ஷங்கரின் ‘அந்நியன்’ (2005) இன்னும் நெருங்கிய உறவு. டெக்ஸ்டர் ஒளிபரப்பாவதற்கு ஓராண்டு முன்னர், கருட புராணத் தண்டனைகளைச் செயல்வரிசையாகக் கொண்டு கொல்லும் நாயகனைத் தமிழ்நாடு கைதட்டி வரவேற்றது. ஆயினும் அப்படம் நாயகனைப் பிளந்துவிடுகிறது. கொல்பவன் வேறு, சட்டத்தை மதிக்கும் அம்பி வேறு. பிளவுபட்ட ஆளுமை என்ற மருத்துவக் காரணம் பார்வையாளருக்கு ஒரு வாயிலைத் திறந்துவைக்கிறது. மூன்று மணி நேரத்தில் வெளியேறிவிடலாம். டெக்ஸ்டரில் அவ்வாயில் இல்லை. கொல்பவனே தங்கையை நேசிப்பவன், குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்பவன். அவனது அகக்குரலே நமக்குக் கதைசொல்லி. எட்டாண்டுகள் ஒருவனது குரலைக் காதில் வைத்திருந்தபின் அவனைச் ‘சைக்கோ’ என்று செய்தித்தாள் வழக்கில் ஒதுக்கிவிட இயலாது. அச்சொல்லே எண்ணிப்பார்த்தலைத் தடுக்கும் சொல் என்பது வேறு செய்தி.

தவறிப்போன கொலை

தொடரின் மெய்யான தேர்வு நான்காம் பருவத்தில் வருகிறது. ஜொனாதன் ஃபேரோ என்னும் ஒளிப்படக் கலைஞனைக் கொலையாளி என உறுதிசெய்துகொண்டு டெக்ஸ்டர் கொல்கிறான். கொலையாளி அவனுடைய உதவியாளன் என்பது பின்னர் தெரியவருகிறது. எல்லாம் முறையாகவே நிகழ்ந்தது. நெகிழித்தாள் இருந்தது, சான்று இருந்தது, நீதிதான் இல்லை.

ஆராயாது கொன்ற அரசனுக்குத் தமிழில் ஓர் அளவுகோல் உண்டு. பொற்கொல்லன் சொல்லை நம்பிக் கோவலனைக் கொல்வித்த பாண்டியன், கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததும் தான் அரசனல்லன் என உணர்ந்து அரியணையிலேயே உயிர்விடுகிறான். வழக்குரை காதையில் பெரிதும் பேசப்படுவது அவ்விறப்பே. எனினும் இங்கு நோக்கத்தக்கது அதற்கு முன்னுள்ள சிறு செய்தி: கண்ணகி வாயிலோனிடம் சொல்லியனுப்புகிறாள், உள்ளே அழைக்கப்படுகிறாள். தவறிழைத்த அவைக்கும் ஒரு வாயில் இருந்தது. டெக்ஸ்டரின் கொலையறை நீதிமன்றத்தின் போலியாகவே அமைக்கப்படுகிறது. பலியானோரின் படங்கள் சுற்றிலும் மாட்டப்படுகின்றன, குற்றச்சாட்டு வாசிக்கப்படுகிறது, கட்டுண்டவன் பேசவும் விடப்படுகிறான். ஆனால் வழக்குரைக்க வெளியிலிருந்து ஒருவரும் அங்கே நுழைய இயலாது. ஃபேரோவுக்காகச் சிலம்பேந்தி வர எவருமில்லை. நாயகன் சிறிது கலங்குகிறான். பின்னர் அப்பருவத்தின் பெரும் பகைவனான ‘டிரினிட்டி’ கொலைஞனை நோக்கிக் கதை நகர்ந்துவிடுகிறது.

தொடருக்குள்ளேயே ஒரு பாண்டியன் இருந்தான் என்பதும் சொல்லப்படவேண்டும். தாம் கற்பித்த ஒழுங்கின்படி மகன் ஓர் உடலைத் துண்டாடுவதை நேரில் கண்ட ஹாரி, சில நாள்களில் தற்கொலை செய்துகொண்டார் என்று இரண்டாம் பருவம் வெளிப்படுத்துகிறது. தொடரின் ஆகச்சிறந்த தருணம் இதுவே எனத் துணியலாம்: விதியை வகுத்தவரால் அதன் நிறைவேற்றத்தைக் காணப் பொறுக்கவில்லை. ஆனால் மூன்றாம் பருவம் முதல் அதே ஹாரி, மகனின் கற்பனையில் தோன்றி அறிவுரை கூறும் துணைவராக மீட்டுக்கொண்டுவரப்படுகிறார். மாண்ட பாண்டியனை ஆலோசகனாக அமர்த்திக்கொண்டதுபோன்ற இம்மாற்றமே அடுத்த ஆறு பருவங்களையும் கூடுமானதாக்கியது.

பிறர் கைகள்

நீளத்திற்குச் செலுத்தப்பட்ட வேறொரு விலையும் உண்டு. எட்டுப் பருவங்களில் டெக்ஸ்டரை முறைப்படி நெருங்கிய காவல் அலுவலர் இருவர். தொடக்கம் முதலே ஐயுற்ற சார்ஜென்ட் டோக்ஸ் இரண்டாம் பருவ இறுதியில் கொல்லப்படுகிறார். கொல்பவள் லைலா, டெக்ஸ்டரின் கொலைகளனைத்தும் இறந்த டோக்ஸின் பெயரில் எழுதப்படுகின்றன. அப்பெயரைத் துடைக்க முயன்று உண்மையை எட்டிய லாகுவெர்டா ஏழாம் பருவ இறுதியில் கொல்லப்படுகிறார். சுடுபவள் டெக்ஸ்டரின் தங்கை டெப்ரா. இரு இடங்களிலும் நாயகனின் கை தூய்மையாகவே இருக்கிறது. குற்றமற்றவரைக் கொல்லலாகாது என்னும் விதி முறியாமலும் கதை முடியாமலும் இருக்க, கதையாசிரியர்கள் பிறர் கைகளைக் கடன்வாங்குகின்றனர். ‘முறையாகச் செய்கிறான்’ என்ற தீர்ப்பு நிலைப்பதற்கு, உண்மையில் முறைப்படி ஆய்ந்த இருவர் சாகவேண்டியிருந்தது.

இரண்டாம் பருவத்தில் கடலடியிலிருந்து உடல்கள் மீட்கப்படும்போது மயாமி மக்களுள் ஒரு சாரார் அக்கொலைஞனைக் கொண்டாடுவதாகக் காட்டப்படுகிறது. அவனை நாயகனாக்கிப் படக்கதையும் உருவாகிறது. இதனை மிகையென்று கருதுவோர் ஹைதராபாத் அருகே 2019 டிசம்பர் 6 அன்று நிகழ்ந்ததை நினைவுகூரலாம். பாலியல் வன்கொலை வழக்கில் பிடிபட்ட நால்வர் காவலர்களால் சுட்டுக்கொல்லப்பட்ட இடத்தில் மக்கள் காவலர்மீது மலர் தூவினர். கொல்லும் நோக்குடனேயே அவர்கள் சுடப்பட்டனர் என்ற முடிவுக்கு உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்பூர்கர் ஆணையம் பின்னர் வந்தது. தொடரில் பலியானவனின் குற்றத்தைப் பார்வையாளர் முன்கூட்டியே கண்ணால் கண்டுவிடுகிறார். ஐயத்திற்கு இடமில்லாத அவ்வுறுதியைத் திரை மட்டுமே தரவல்லது. மலர் தூவியோரிடம் இருந்ததும் அதே உறுதிதான். அவர்கள் எதையும் கண்டிருக்கவில்லை.

செங்கல்பட்டுத் தீர்ப்பும் இதழ்த் தொடரும்

தொடர்கொலைஞன் தன் குரலில் கதைசொல்வது என்னும் உத்திக்குத் தமிழில் மெய்யான முன்னோடி ஒன்றுண்டு. ஆறு கொலைகளுக்காக ஆட்டோ சங்கருக்கு 1991 மே 31 அன்று செங்கல்பட்டு அமர்வு நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. ஸ்ரீபெரும்புதூரும் அக்காலத்தில் செங்கல்பட்டை உள்ளடக்கிய அதே மாவட்டத்தைச் சேர்ந்தது; காஞ்சிபுரம், திருவள்ளூர் என அது பிரிந்தது 1997இல்தான். சிறையில் சங்கர் எழுதியதாகக் கூறப்பட்ட தன்வரலாற்றைத் தொடராக வெளியிடப்போவதாக ‘நக்கீரன்’ 1994இல் அறிவித்தது. அதில் உயர் அலுவலர்கள் சிலரோடு அவருக்கிருந்த தொடர்பு விவரிக்கப்பட்டிருந்ததாக இதழ்த் தரப்பு கூறியது. சிறைத்துறைத் தலைவர் எதிர்ப்புத் தெரிவித்து இதழுக்கு மடல் எழுதினார். சங்கர் அதனை எழுதவே இல்லை என்றது அரசுத் தரப்பு.

1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு தீர்ப்பு, தனிமனித மறைவுரிமை குறித்த இந்தியச் சட்டத்தின் அடித்தளங்களுள் ஒன்றாக இன்றும் எடுத்தாளப்படுகிறது. பொதுப்பதிவேடுகளில் உள்ளவற்றைச் சங்கரின் ஒப்புதலின்றியும் வெளியிடலாம் என்றும், தங்களைப் பற்றிய அவதூறு என அஞ்சி ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கோ அலுவலர்க்கோ அதிகாரமில்லை என்றும் நீதிமன்றம் கூறியது. 1995 ஏப்ரலில் சேலம் மத்தியச் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார். அவரது வாழ்வைக் கொண்டு ‘ஆட்டோ சங்கர்’ என்ற தமிழ் இணையத்தொடர் 2019இல் வெளியானது.

இவ்வழக்கில் அவையேறிய வினா, கொலைஞனின் உள்ளத்தில் என்ன இருந்தது என்பதன்று. அவனோடு எவரெல்லாம் இருந்தனர், அதனைச் சொல்ல எவருக்கு உரிமை உண்டு என்பதே அவ்வினா. டெக்ஸ்டர் தொடரோ தன் 96 பகுதிகளையும் முதல் வினாவுக்கே செலவிடுகிறது. கொலைஞன் காவல்துறைச் சம்பளத்தில், காவல்துறை ஆவணங்களைக் கொண்டு, காவல் அலுவலர் ஒருவர் வகுத்த ஒழுங்கின்படி கொல்கிறான் என்பது தொடர் முழுதும் கண்முன்னே கிடக்கிறது. அத்துறை அதற்கு என்ன விடை சொல்லும் எனக் கேட்கக்கூடிய இடத்திற்கு வந்துசேர்ந்தவர்கள் டோக்ஸும் லாகுவெர்டாவும் மட்டுமே. 2021இன் மறுவருகைத் தொடரின் இறுதிப் பகுதியில் டெக்ஸ்டரைச் சுடுவது அவன் மகன் ஹாரிசன். 2025இல் தொடங்கிய ‘ரெசரெக்ஷன்’ தொடரில் டெக்ஸ்டர் மருத்துவமனைப் படுக்கையில் கண்விழிக்கிறான். அந்த இரு அலுவலருக்கும் அத்தகைய மீட்சி இல்லை.