திரையில் அசோகன்

கண்டியில் வாழும் எமக்கு அசோகன் அயல்நாட்டு மன்னன் மாத்திரம் அல்லன். தலதா மாளிகைச் சூழலில் நிற்கும் வெள்ளரச மரங்களைக் காணுந்தோறும் அவன் மகள் சங்கமித்தை இந்நாட்டிற்குக் கொணர்ந்த கிளையின் கதை நினைவுக்கு வரும். அவன் மகன் மகிந்தனின் வருகையைப் பொசொன் பூரணை தோறும் இந்நகரம் விளக்கேற்றிக் கொண்டாடுகின்றது. ஆதலின், 2001 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அசோகா’ என்னும் இந்தித் திரைப்படத்தை ஏனைய இந்திப் படங்களைப் போல எண்ணிப் பார்த்தல் எமக்கு இயலாது. ஷாருக் கான் தலைமைப் பாத்திரம் ஏற்க, பெரும் பொருட்செலவில் உருவாகி, வெனிஸ் திரைப்பட விழாவிலும் காட்டப்பெற்ற அப்படம் எமக்கு அளித்தது ஏமாற்றமே. அண்மையில் மாணவர் சிலருடன் அதனை மீண்டும் பார்த்தபோதும் அவ்வெண்ணம் மாறவில்லை.

ஏமாற்றம் பெரிதாவதற்கு நெறியாளர் சந்தோஷ் சிவனின் தகுதியே காரணம். ‘தளபதி’, ‘இருவர்’ ஆகிய படங்களின் ஒளிப்பதிவாளர் அவர். 1998 இல் அவர் தமிழில் எடுத்த ‘தி டெரரிஸ்ட்’ படத்தில், ஒருவனைக் கொல்வதற்கு அனுப்பப்பட்ட இளம்பெண்ணின் உள்ளப் போராட்டத்தை, அவள் முகத்தையும் மூச்சையும் கொண்டே காட்டினார். ஓர் உயிரைப் போக்குமுன் எழும் தயக்கத்தை அத்துணை நுட்பமாகக் காட்டியவர், இலட்சம் உயிர்களைப் போக்கியபின் எழும் கழிவிரக்கத்தைக் காட்ட இயலாது போனது வியப்பே.

இஃது ஏன் நேர்ந்தது? அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படுதல் இல்லை என்பது தொல்காப்பியர் கண்ட மரபு. பெயர் வந்தவிடத்து அது புறமாகும். இப்படத்தின் முற்பகுதியில் அசோகன் தன் பெயரை மறைத்து, பவன் என்னும் எளிய வீரனாகக் காட்டில் திரிகின்றான். கரந்துறையும் கலிங்க இளவரசி கௌர்வகியைக் காதலிக்கின்றான். நீரும் ஒளியும் பசுமையும் கூடிய அப்பகுதி உண்மையிலேயே அழகியது. பெயரற்ற அக்காதலனோடு நாமும் ஒன்றிவிடுகின்றோம். அவன் அசோகன் என்னும் பெயரை மீண்டும் ஏற்றுப் பாடலியின் அரசியலுள் புகுந்ததும் படம் தளர்கின்றது. புறத்திற்குரிய பொருளையும் அகத்தின் அளவுகோலாலேயே அளக்க முயன்றதன் விளைவு இது. (அண்ணன் சுசீமனாக வரும் அஜித் குமாருக்கு முறைத்து நிற்பதன்றி வேறு பணி அளிக்கப்பெறவில்லை என்பதைத் தமிழ் இரசிகர் மறவார்.)

தாம் கூறுவது முழு வரலாறன்று எனப் படத்தின் தொடக்கத்திலேயே அறிவித்துள்ளனர். ஆகவே வரலாற்றுப் பிழைகளை எண்ணிக் குற்றஞ்சாட்டுதல் முறையன்று. அலகாபாத்துத் தூணிலுள்ள சாசனம் காருவாகி என்பாளை அசோகனின் இரண்டாம் தேவி என்றும் தீவலனின் தாய் என்றும் கூறுகின்றது. அவள் கலிங்கத்தவள் என அது கூறவில்லை. மற்றைய நாயகியான விதிசை நகரத்துத் தேவியை அறியத் தருவன மகாவமிசம் முதலிய எமது தீவின் நூல்களே. இவ்விருவரையும் ஒரு கதையில் இணைப்பது கலைஞனின் உரிமை. கழிவிரக்கத்தின் காரணத்தையே மாற்றுதல் அவ்வாறன்று.

அசோகனின் பதின்மூன்றாம் பாறைச் சாசனம் கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டனர், அவர்களினும் பன்மடங்கினர் வேறு வகையில் மாண்டனர் என்று கூறுகின்றது. வென்றவனே தன் வெற்றியின் கொடுமையை எண்ணிட்டு உரைத்து வருந்தியது உலக வரலாற்றில் மிக அரிது. தமிழிலும் கலிங்கப் போரைப் பாடிய பரணி ஒன்றுண்டு. குலோத்துங்கனின் படை பெற்ற வெற்றியைச் செயங்கொண்டார் பாடிய அந்நூலிலே பேய்கள் கூழடுகின்றனவேயன்றி வென்றவன் அழவில்லை. அதனை நாம் இன்றும் சுவைத்துப் படிக்கின்றோம் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

படத்தில் அசோகன் பிணக்களத்திடையே நடக்கும் காட்சி உண்டு. ஆயினும் கதை தன் முழு வேகத்தையும் சேர்த்து வைத்திருப்பது, அவன் கௌர்வகியைக் களத்தில் காண்பதற்கும் சிறுவன் ஆரியன் அவன் கையில் உயிர்விடுவதற்குமே. “அவள் அங்கே இல்லாதிருந்தால் அவன் அழுதிருப்பானா?” என்று எம்முடன் பார்த்த மாணவி ஒருத்தி கேட்டாள். அக்கேள்விக்குப் படத்தில் விடையில்லை. சாசனத்தின் அசோகன் தான் அறியாதவர்களுக்காக, பெயர் தெரியாத பகைவர்க்காக வருந்தியவன். 1983 ஐயும் 2009 ஐயும் கண்ட நாட்டில், தன்னவர்க்காக மாத்திரம் அழுபவனைக் காண்பதற்கு நாம் திரையரங்கு செல்லவேண்டியதில்லை.

போருக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவன் ஆண்டான். அவ்வாண்டுகள் படத்தின் முடிவில் சில சொற்களில் அடங்கிவிடுகின்றன. சோழரையும் பாண்டியரையும் தாம்பரபரணியாகிய இத்தீவையும் பெயர் கூறி அவன் குறிப்பிட்டது, போருக்காக வருந்திய அதே சாசனத்திலேதான். அப்பகுதியை எடுக்கும் நெறியாளரை இன்னும் எதிர்பார்த்திருக்கின்றோம்.