மராபி முதல் மக்காதினி வரை: தென்னாப்பிரிக்க ஜாஸ் பாணிகள்

கேப் டவுன் சர்வதேச ஜாஸ் விழாவின் நிகழ்ச்சி நிரலைக் கையில் வாங்கினால், யார் வாசிக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன் மேடைகளின் பெயர்களைப் படியுங்கள். கிப்பீஸ் என்பது 1983இல் மறைந்த ஆல்டோ சாக்ஸபோன் மேதை கிப்பி மொயெகெட்சியின் நினைவு. மோசஸ் மொலெலெக்வா, 27 வயதில் நம்மை விட்டுப்போன பியானோக் கலைஞர். மெனன்பெர்க் ஓர் ஊரின் பெயர், ஒரு பாட்டின் பெயரும்கூட. நெதர்லாந்தின் நார்த் ஸீ விழாவின் கிளையாக 2000இல் தொடங்கி, 2005 முதல் சொந்தப் பெயரில் நடக்கும் விழா இது. வெளிநாட்டு நட்சத்திரங்கள் நிறைய வருகிறார்கள். ஆனால் வந்து நிற்பது இந்த முன்னோர் பெயர் தாங்கிய மேடைகளில்தான்.

பாணிகளின் ஊற்று ஜோகன்னஸ்பர்க். 1920, 30களில் அந்தத் தங்கச் சுரங்க நகரத்தின் நெரிசலான குடியிருப்பு முற்றங்களில், போலீசுக்குத் தெரியாமல் பெண்கள் பீர் காய்ச்சி விற்ற ‘ஷெபீன்’களில் பிறந்தது மராபி. காலால் மிதிக்கிற ஆர்கன் ஒன்று, கூழாங்கல் போட்டுக் குலுக்கும் தகர டப்பா ஒன்று. விடிய விடிய ஆட வேண்டும் என்பதால் பாட்டுக்கு முடிவே கிடையாது. நான்கே கார்டுகள், அதாவது சுரக்கூட்டுகள், சுற்றிச் சுற்றி வரும். அடிக்குரலை மட்டும் பிடித்துக் கேட்டால் சட்ஜம், மத்யமம், பஞ்சமம், மறுபடி பஞ்சமம். மூன்றாவது இடத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. கீழே பஞ்சமம் வந்துவிட்டது, மேலே இன்னும் சட்ஜத்தின் கார்டு. வீடு வந்து சேர்ந்தும் வாசற்படியிலேயே நிற்கிற ஒரு தவிப்பு அதில் உண்டு. நான்காவது கார்டு அதைத் தீர்த்து முடிப்பதில்லை, திரும்பவும் முதலுக்கே தள்ளிவிடுகிறது. இந்தச் சுற்றுக்குள் அலுக்காமல் எவ்வளவு நேரம் ஒருவரால் இருக்க முடிகிறது என்பதே இந்த மரபின் முதல் தகுதி என்று நான் நினைக்கிறேன். வேகமான விரல்கள் எங்கும் கிடைக்கும்.

பிறகு மராபியோடு அமெரிக்க ஸ்விங் சேர்ந்து ‘ம்பகாங்கா’ ஆயிற்று. மக்காச்சோளக் களிக்குச் சொல்லும் பெயர் அது, அன்றாடச் சாப்பாடு.

கேப் டவுன் பாணியின் மண் வேறு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே அடிமைகளாக இறக்கியவர்களில் இந்தோனேசியத் தீவினரோடு வங்காளத்தாரும் மலபாராரும் நம் சோழமண்டலக் கரையினரும் இருந்தார்கள். அந்தக் கலப்பு மக்களின் சந்ததி புத்தாண்டு ஊர்வலங்களில் அடிக்கும் முழவு ‘கூமா’. மர மிடாவில் தோல் கட்டியது. அதன் குதிநடையும் தேவாலயக் கீதங்களின் நிதானமும் ஒரே பியானோவில் கூடியது அப்துல்லா இப்ராகிமிடம். 1934இல் பிறந்தவர், பாட்டி தேவாலயத்தில் பியானோ வாசித்தவர்.

1974இல் அவர் ‘மெனன்பெர்க்’ பதிவுசெய்தபோது ஸ்டூடியோவில் இருந்தது ஒரு சுவரோரப் பியானோ. சுத்தியல்களில் டிராயிங் பின் குத்தியிருந்தார்கள். ஒவ்வொரு சுரமும் தகரத்தில் பட்டுத் தெறிப்பதுபோல், பழைய மராபி ஆர்கனின் வாசனையோடு கேட்கும். 13 நிமிடத்துக்கு மேல் போகிற பாட்டு அது. அதன் கார்டுச் சுற்றின்மேல் பேசில் கோட்ஸியின் டெனர் சாக்ஸபோன் அவசரமே இல்லாமல் நுழைகிறது, பேசிக்கொண்டே தெருவில் நடந்துவருகிறவரைப் போல. கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியை 1966இல் அரசு வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 60,000க்கும் மேற்பட்டவர்களை நகரத்துக்கு வெளியே எறிந்தது. அப்படி எறியப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று மெனன்பெர்க். பாட்டில் ஒரு முழக்கம் இல்லை, ஆனால் கேட்ட ஜனங்களுக்கு எல்லாம் புரிந்தது. ‘மெனன்பெர்க்’ என்பது கோட்ஸிக்குப் பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது.

நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் ஒரு தனிப் பாணி. வெள்ளையரான கிறிஸ் மெக்ரெகரும் கறுப்பினக் கலைஞர் ஐவரும் சேர்ந்த ‘ப்ளூ நோட்ஸ்’ குழு 1964இல் பிரான்சின் ஆன்டீப் ஜாஸ் விழாவுக்குப் போனது. நிறம் கலந்து ஒரே மேடையில் நிற்பது சொந்த நாட்டில் அன்று குற்றம். விழா முடிந்தது, குழு திரும்பவில்லை. கட்டற்ற ஐரோப்பிய வாசிப்புக்குள் அவர்கள் ம்பகாங்காவின் துள்ளலைக் கொண்டுபோனார்கள். 1990இல் மண்டேலா விடுதலையாகி நாட்டின் கதவு திறந்த சில மாதங்களில், மெக்ரெகரும் அதே குழுவின் டூடு புக்வானாவும் அடுத்தடுத்து வெளிநாட்டிலேயே இறந்துபோனார்கள். குழுவின் டிரம்ஸ் கலைஞர் லூயிஸ் மொஹோலோ 2005இல் கேப் டவுனுக்குத் திரும்பினார்.

நாட்டிலேயே இருந்தவர்களை நாம் குறைத்து எண்ணிவிடுகிறோம். சாக்ஸபோன் கலைஞர் வின்ஸ்டன் மன்குன்கு நாட்டைவிட்டுப் போகவில்லை. வெள்ளையர் குழுவோடு வாசிக்கையில் திரைக்குப் பின்னால் நிற்கவைக்கப்பட்டவர். அவருடைய 1968ஆம் ஆண்டு ‘யகாலின்கோமோ’, வெட்டப்படும் மாட்டின் கதறல் என்று பொருள்படுவது, இன்றும் இளம் சாக்ஸபோன் கலைஞர் ஒவ்வொருவரும் வாசித்துக்காட்ட வேண்டிய உருப்படி. கதறலை அப்படியே ஊதிவிட்டால் போதாது, மெட்டு உடையாமல் அது உள்ளே கேட்க வேண்டும். பெரியவர்கள் தலையசைப்பது அதற்குத்தான்.

இன்றைய தலைமுறையில் ன்டுடுசோ மக்காதினியை முதலில் சொல்வேன். 2020இல் அமெரிக்காவின் ப்ளூ நோட் நிறுவனம் அவருடைய ஆல்பத்தை வெளியிட்டது. ஜூலு மரபின் வைத்தியரும் அவர். முன்னோரை அழைக்கிற சடங்கும் பியானோ வாசிப்பும் அவருக்கு வேறுவேறு வேலைகள் அல்ல. தாண்டி ன்டூலியின் பியானோவும் குரலும் இன்னும் அந்தரங்கமானவை.

விழா மீது எனக்கு ஒரு குறை உண்டு. எல்லாருக்கும் அளந்த நேரம். அடுத்த குழுவுக்கு மேடை வேண்டும். சுற்றுக்குள் வாசிப்பவரும் கேட்பவரும் இறங்கத் தொடங்கும்போதே விளக்கு மாறிவிடுகிறது. விடியும்வரை ஓடியதால்தான் மராபி மராபியானது. ரோசீஸ் அரங்கை, உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கான அந்தச் சிறிய அரங்கை, ஒரே ஒரு இரவு ஒரே ஒரு குழுவிடம் விட்டுவிட்டு, கடிகாரத்தைக் கழற்றிவைக்கலாம்.