நாலாவது கெனால்

மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் மூன்று. நரம்பு ஓடும் கெனாலும் மூன்றுதான் என்று பல் டாக்டர்கள் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். ஆனால் கன்னத்துப் பக்கம் முன்னால் இருக்கும் வேருக்குள், பாதிக்கு மேற்பட்ட பற்களில், நாலாவதாக ஒன்று ஒளிந்திருக்கிறது. அதன் வாய் மயிரிழை அளவுதான். அதையும் பல்திசு திட்டுப்போல வளர்ந்து மூடியிருக்கும். அதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் அடைத்துக் கேப் போட்டால், சில வருடங்களில் அதே பல் மறுபடி வீங்கலாம்.

வெறும் கண்ணுக்கு 0.2 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளி பிரிந்து தெரியாது. கண்ணாடியோடு மாட்டிக்கொள்ளும் லூப் சில மடங்கு பெரிதாக்கிக் காட்டும். மைக்ரோஸ்கோப் இருபது மடங்கைத் தாண்டும். அதைவிடப் பெரிய லாபம் வெளிச்சம். பார்வை போகும் கோட்டிலேயே விளக்கொளியும் இறங்குவதால் பல்லின் குழிக்குள் நிழல் விழாது. அமெரிக்காவில் வேர் சிகிச்சைப் பட்டமேற்படிப்புக்கு 1990களின் பிற்பகுதியிலிருந்து மைக்ரோஸ்கோப் பயிற்சி கட்டாயம்.

இங்கே, பாடாலூர் போன்ற ஊரில் இருப்பவருக்குப் பல்வலி முற்றினால் நெடுஞ்சாலையில் நின்று பஸ் ஏற வேண்டும். வடக்கே பெரம்பலூர், தெற்கே திருச்சி. நாட்டில் முந்நூறுக்கு மேல் பல் மருத்துவக் கல்லூரிகள் இருப்பதால் டாக்டருக்குப் பஞ்சமில்லை. ஆனால் மைக்ரோஸ்கோப் வாங்குவதா வேண்டாமா என்பது ஒரு தனி டாக்டரின் கடன் கணக்கு. சில லட்சத்தில் தொடங்கி, ஜெர்மன் பெயர் பொறித்ததென்றால் பல லட்சம். விலையைக்கூடச் சமாளிக்கலாம், நேரத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம். கருவியில் கண்ணை வைத்தபடி, வாய்க்குள் பிடித்த சின்னக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து வேலை செய்யப் பழக வேண்டும். கண்ணை எடுக்காமல் கையை நீட்டினால் கெனாலைச் சுத்தம் செய்யும் ஃபைலைச் சரியாக விரலில் வைக்கும் உதவியாளர் வேண்டும். முதல் சில மாதம் ஒவ்வொரு பல்லும் இழுத்தடிக்கும். சின்ன வெங்காய அறுப்புக்கு நடுவே ஓடிவந்தவரோ, 'இன்னிக்கே முடிச்சு விட்டுடுங்க டாக்டர்' என்பார். கட்டணம் பல் கணக்கில். கூடுதலாகத் தேடிய அரை மணி நேரத்துக்கு யார் பில் போடுவது?

இலங்கையில் மைக்ரோஸ்கோப்புக்கு நுணுக்குக்காட்டி என்று பெயர். நம் நுண்ணோக்கியைவிட எனக்கு அது பிடிக்கும். வேர் சிகிச்சையைப் பேச்சில் 'நேர்வ் பில்லிங்' என்பார்கள். அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் பல்லுக்கும் காசில்லை. 1950களிலேயே நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் பள்ளிப் பல் சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் சொத்தையைப் பள்ளிக்கூடத்திலேயே அடைக்க ஆள் இருந்தது. நாம் கல்லூரிகளைக் கூட்டிக்கொண்டே போனோம், அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பினார்கள். அடித்தளத்தில் அவர்கள் செய்ததுதான் சரி என்பேன்.

மேல்தளத்தில் கதை வேறு. பல் டாக்டர்களை உருவாக்கப் பல பத்தாண்டுகள் பேராதனை ஒன்றுதான் இருந்தது. இங்கே வேர் சிகிச்சையின் பெயரிலேயே எம்.டி.எஸ். உண்டு, அங்கே சீரமைப்புப் பல் மருத்துவம் என்ற ஒரே துறை நிபுணர் கேப்பையும் செட்டுப்பல்லையும் கெனாலையும் சேர்த்தே பார்க்கிறார். அவர் இருப்பது பெரிய ஆஸ்பத்திரியில். நுணுக்குக்காட்டி அரசுச் செலவில் வந்தால் அங்கேதான் வரும், அதுவும் சுகாதார அமைச்சின் வரிசையில் நின்று. 2022இல் ஒரு டாலர் இருநூறு ரூபாயிலிருந்து சில மாதத்தில் முந்நூற்றறுபதைத் தொட்டது. மருந்துக்கே தட்டுப்பாடான அந்த நேரத்தில் இந்தக் கருவிக்கு யார் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்?

மைக்ரோஸ்கோப் வாங்க இரு நாட்டுக்கும் பொதுவான ஒரு காரணம் மட்டும் பேச்சில் அதிகம் அடிபடுவதில்லை. குனிந்து குனிந்தே வாய்க்குள் பார்ப்பவர்களின் கழுத்தெலும்பு சீக்கிரம் தேயும். மைக்ரோஸ்கோப்புக்கு முன் நிமிர்ந்துதான் உட்கார முடியும். திருச்சியில் சொந்த கிளினிக் வைத்திருப்பவர் தன் கழுத்துக்காகவே தவணை கட்டத் துணியலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் காலை முழுக்கப் பல் பிடுங்கிவிட்டு, மாலையில் சொந்த கிளினிக் திறக்கும் யாழ்ப்பாணத்துப் பல் வைத்தியருக்கும் அதே கழுத்துத்தான்.