சாவின் பாரமும் வேலையின் பாரமும்

அன்னவாசல் பக்கம் ஒரு குழந்தைக்கு மூச்சுத்திணறல் முற்றினால், 108 ஆம்புலன்ஸ் புதுக்கோட்டைக்குத்தான் விரையும். 2017இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2021இல் ஒன்றிய அரசு 23,123 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றில், 736 மாவட்டங்களிலும் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவு அமைப்பதாக அறிவித்தது. கட்டிலும் வென்டிலேட்டரும் கணக்கில் ஏறின. அங்கே நிற்கும் சிஸ்டரின் மனம் ஏறவில்லை.

குழந்தைகளின் சாவுதான் அவரை நொறுக்குகிறது என்கிறார்கள். இது முழு உண்மையா?

செவிலியரின் மன அழுத்தத்தை அளக்கப் பரவலாகப் பயன்படுவது, 1981இல் கிரே-டாஃப்ட்டும் ஆண்டர்சனும் வகுத்த 34 கேள்விகள் கொண்ட அளவுகோல். அதில் மரணம் ஒரு பிரிவு, பணிச்சுமை வேறொரு பிரிவு. அப்படிப் பிரித்தது அதன் பலம். ஆனால் அது கேட்பது ‘எத்தனை அடிக்கடி?’ என்று. மூன்று வாரம் பார்த்துக்கொண்ட ஒரே பிள்ளையின் சாவு, அந்தக் கணக்கில் ‘எப்போதாவது’ என்று சிறுத்துவிடும். தாங்க முடியாமல் வேலையை விட்டவர்களோ கேள்வித்தாளையே பார்ப்பதில்லை. சாவு மிகுந்த வார்டில் வேலையும் மிகுந்திருக்கும். எது எதனால் என்று ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பு சொல்லாது.

அதற்காக எல்லாவற்றையும் ஆள் பற்றாக்குறையில் கரைத்துவிடவும் கூடாது. பிழைக்காது என்று தெரிந்த பிள்ளைக்கு மீண்டும் மீண்டும் ஊசி குத்த நேரும் வேதனையை, 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் முன்வைத்த ‘அறத் துயர்’ என்னும் கருத்து விளக்குகிறது. இருமடங்கு ஆள் போட்டாலும் அது தீராது.

ஆனாலும் ஆள்தான் முதல் தேவை. இறப்புக்குப் பின் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கும் வழக்கத்தை அமெரிக்கச் செவிலியர் ஜொனாதன் பார்டெல்ஸ் பரப்பினார். பக்கத்துக் கட்டிலில் அலாரம் அடிக்கும்போது, அந்த நிமிடத்துக்கே இன்னொருவர் வேண்டும். தமிழ்நாட்டிலோ 2017 நவம்பரில், மாதம் 7,700 ரூபாய் வாங்கிய ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது.

ஆகவே என் முடிவு: சாவு காயப்படுத்துகிறது என்பது உறுதி, நாள்பட்ட அழுத்தத்துக்கு அதுவே காரணம் என்பது நிறுவப்படவில்லை. ஆளும் நிரந்தர வேலையும் தராமல், அழுத்தத்தைக் குறைக்க என்று தியான வகுப்பு நடத்துவது, நிர்வாகத்தின் கடனைச் செவிலியர் தலையில் கட்டுவது.