கூண்டில் நின்ற கதாநாயகன்

தமிழின் முதல் நாவலை எழுதியவர் ஒரு நீதிபதி, கிறித்தவர். பிரதாப முதலியார் சரித்திரத்தைப் பற்றி எழுதுவோர் இவ்விரு செய்திகளையும் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லிவிட்டு, அதன் நகைச்சுவைக்கும் பெண்கல்விக்கும் விரைந்து சென்றுவிடுவர். அந்நாவலில் நீதி என்ன பாடுபடுகிறது என்று நின்று பார்த்தோர் குறைவு. மலாக்காவின் தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் இருந்து அதனைப் படிக்கும் தமிழருக்கோ அதுவே முதலில் எழ வேண்டிய கேள்வி.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1826 ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். அதே ஆண்டில்தான் பினாங்கு, சிங்கப்பூர் ஆகியவற்றோடு மலாக்காவும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் உருவாயின. ஆங்கில நீதிமுறையை நிறுவும் அரச சாசனமும் அவ்வாண்டே வழங்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் தண்டனை பெற்றோர் கப்பலேற்றப்பட்டு, சாலை போடவும் காடு திருத்தவும் இக்கரைகளுக்கு அனுப்பப்பட்டனர். இங்குக் கால்வைத்த தமிழருள் ஒரு பகுதியினர் கூலிகளாக அல்ல, கைதிகளாகவே வந்தனர். விழா மலர்கள் இதனைக் கூச்சத்தோடு ஒதுக்கிவிடுகின்றன. 1860 இல் இந்தியாவில் நிறைவேறிய தண்டனைச் சட்டத் தொகுப்பைத் தழுவியே 1871 இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. திருட்டு எது, கொலை எது என்பதற்கு வேதநாயகர் காலத்துத் தஞ்சையில் வழங்கிய இலக்கணமே மலாக்கா நீதிமன்றத்திலும் வழங்கலாயிற்று.

அவர் நீதிமன்றத்துள் பதிவேட்டுக் காப்பாளராக நுழைந்து, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1857 இல் முன்சீப்பு ஆனவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் பணியாற்றினார். முன்சீப்பு தீர்ப்பது உரிமையியல் வழக்குகளையே. தூக்குத் தண்டனை விதிக்கும் பேனா அவர் கையில் இருந்ததில்லை. ஆனால், மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆண்டுகள் அவருக்கு ஓர் உண்மையை உணர்த்தியிருக்க வேண்டும்: தன்னைப் பற்றி மன்றத்தில் என்ன பேசப்படுகிறது என்று அறியாமலேயே மனிதர் தீர்ப்புக்கு உள்ளாகிறார்கள். நீதிமன்றத் தீர்ப்புகளைத் திரட்டிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் தமிழாக்கித் தந்ததும், கட்சிக்காரரும் வழக்கறிஞரும் நீதிபதியும் தமிழராக இருக்கையில் வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடப்பதை நாவலில் எள்ளி நகையாடியதும் அவ்வுணர்வின் விளைவே எனலாம். மலாக்காவில் மன்றமொழி முதலில் ஆங்கிலமாக இருந்தது, பின்னர் மலாயாயிற்று. சாட்சியத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, மொழிபெயர்ப்பாளரும் இருக்கிறார். எனினும் மூன்று வாக்கியம் பேசிய சாட்சியை அவர் மூன்று சொல்லில் முடித்துவிடும்போது, கூண்டில் நிற்பவன் முகத்தில் தோன்றும் திகைப்பு நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய மாயூரத்துத் திகைப்புத்தான்.

இனி நாவலுக்கு வருவோம். யானையால் வழிதவறிய பிரதாப முதலியார் விக்கிரமபுரி என்னும் ஊரை அடைகிறான். அறுந்த பாதரட்சையைத் தைத்துத் தருபவனிடம், அவனைச் சந்தோஷப்படுத்துவதாக வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். கொடுத்த பணத்தால் சந்தோஷம் வரவில்லை என்று வழக்கு எழுகிறது. கதாநாயகன் சிறை புகுகிறான். சிரிப்பதற்காக எழுதப்பட்ட பகுதிதான். ஆனால், நீதிபதி ஒருவர் தம் கதாநாயகனைக் கொண்டுபோய்க் கூண்டில் நிறுத்தினார் என்பது சாதாரணமன்று. தம் இருக்கையைவிட்டு இறங்கி, எதிரே நிற்பவனின் இடத்திலிருந்து மன்றத்தைப் பார்த்திருக்கிறார்.

இந்தப் பார்வைக்கு வேர் அவருடைய சமயத்தில் இருக்கலாம். கிறித்தவத்தின் நடுவில் நிற்பதே ஒரு பிழையான தீர்ப்பு. குற்றமற்றவர் என்று அறிந்தே, கூச்சலுக்கு அஞ்சிக் கைகழுவிய நீதிபதியின் பெயரை அச்சமயத்தார் வழிபாட்டுதோறும் உச்சரிக்கின்றனர். அந்நம்பிக்கையில் வளர்ந்த ஒருவர் நீதிபதியின் இருக்கையில் நிம்மதியாகச் சாய்ந்திருக்க முடியாது. 1859 இல் வெளிவந்த அவருடைய நீதிநூல் தெய்வத்தில் தொடங்கியே அரசுக்கு வருகிறது. கைக்கூலியை அவர் கடிந்த கடுமை, மேலே ஒரு மன்றம் உண்டு என்று நம்பியவரின் கடுமை. அதே வேளையில் தம் சமயத்தை அவர் பறைசாற்றவில்லை. நாவலின் மாந்தர் இந்துக்கள். பாடிய கீர்த்தனைகள் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்.

குறை எங்கே? பிரதாப முதலியாரை விடுவிப்பது ஞானாம்பாள். ஆண்வேடத்தில் கணவனைத் தேடிவந்தவளுக்குப் பட்டத்து யானை மாலை சூட்ட, அவள் அரசியாகி நீதி வழங்குகிறாள். மலாக்காவுக்கு எந்த யானையும் மாலையோடு வருவதில்லை. மேலும், விடுதலையோடு துன்பம் முழுவதும் தீர்ந்துவிடுவதாகக் கதை மகிழ்கிறது. ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டங்களில் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. ஒட்டுப்பால் திருடியதாகப் பிடிபட்டவன் வேலையை இழந்தால், லயத்து வீட்டை இழப்பது குடும்பம். மனைவி இன்னொரு தோட்டம் தேடுவாள். பிள்ளையின் பள்ளி நின்றுபோகும். பின்னர் அவன் குற்றவாளி அல்லன் என்று மன்றம் சொன்னாலும் இவை திரும்பி வாரா. தாது வருடப் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தவர், கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிப் போற்றுமளவு ஈந்தவர், பசி மனிதரை என்ன செய்யும் என்று அறியாதவர் அல்லர். பஞ்சம் தணிந்த மறு ஆண்டில், 1879 இல், வெளிவந்த நாவலில் குற்றம் பெரும்பாலும் குணக்கேட்டிலிருந்தே பிறக்கிறது என்பது வியப்பே.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அவர் கூண்டில் நிறுத்தியவன் குற்றமற்றவன். குற்றமற்றவனுக்காக இரங்குவது எளிது. குற்றவியல் வழக்கறிஞரை உறங்கவிடாத கேள்வி வேறு: உண்மையிலேயே கத்தியால் குத்தியவனுக்காக எழுந்து நிற்பது எப்படி? வழக்கறிஞரைக் கேலி செய்த நாவல் இக்கேள்வியின் பக்கம் வரவில்லை. நற்செய்தி நூலோ வருகிறது. சிலுவையில் ஒருபுறம் தொங்கிய கள்வன் தன் தண்டனை நியாயமே என்று ஒப்புக்கொள்கிறான். அவனுக்கு மன்னிப்பும் வாக்களிக்கப்படுகிறது. ஆனால், அவன் சிலுவையிலிருந்து இறக்கப்படவில்லை. மன்னிப்பும் விளைவும் ஒன்றையொன்று அழிக்காமல் அங்கே அருகருகே நிற்கின்றன. வேதநாயகரின் கதையுலகில் திருந்தியவனுக்கு எல்லாம் நேராகிவிடும். தம் சமயத்தின் இக்கடுமையான பக்கத்தை அவர் நாவலுள் விட்டிருந்தால், தமிழ் நாவல் பிறக்கும்போதே முதிர்ந்திருக்கும்.

மலேசியாவில் கொலைக்குக் கட்டாய மரணதண்டனை என்னும் விதி 2023 ஜூலையில் நீங்கியது. அதற்கு முன்னர், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டபின் நீதிபதிக்குத் தேர்வு இல்லை. இப்போது தூக்கா, முப்பது முதல் நாற்பது ஆண்டு வரையிலான சிறையும் பிரம்படியுமா என்று அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகவே வழக்கறிஞர், குற்றவாளி என்று முடிவானவனின் கதையை முதலிலிருந்து சொல்கிறார்: எந்தத் தோட்டம், அது துண்டாடப்பட்டபின் குடும்பம் எங்கே போயிற்று, எந்த வகுப்போடு படிப்பு நின்றது, இறந்தவனின் வீட்டாருக்கு இவன் என்ன சொல்ல விரும்புகிறான். மன்றத்தில் அது மலாயில் சொல்லப்படுகிறது. பின்வரிசையில் இரு தாய்மார் அமர்ந்திருப்பார்கள், ஒருத்தி கூண்டில் நிற்பவனைப் பெற்றவள், மற்றொருத்தி இறந்தவனைப் பெற்றவள். மொழிபெயர்ப்பாளர் கூண்டின் பக்கம் திரும்பியே பேசுவதால், இருவருக்கும் அது பாதிதான் கேட்கும்.